கொங்குநாட்டுக் காயகற்ப மரபும் ஆடவர் முதுமையும்



மூப்பு என்பது உடம்பெடுத்தார் யாவர்க்கும் பொதுவாயினும், அது வரும் வகை இருபாலார்க்கும் ஒன்றன்று. மகளிர்க்கு ஒரு காலவெல்லையில் வெளிப்படையாய் நிகழும் மாறுதல், ஆடவர்க்கு நாற்பது அகவைக்குமேல் சிறிது சிறிதாக, இந்நாளில் தொடங்கிற்று என்று சுட்டவொண்ணாதவாறு வருகின்றது. உடற்சோர்வு, உறக்கக் குறைவு, தசைமெலிவு, வயிறு பருத்தல், காரணமின்றித் தோன்றும் மனவாட்டம், இல்லற இன்பத்தில் விருப்பங் குன்றல் என்னும் இவை அதன் குறிகள். பிற நோய்களை வாய்விட்டுக் கூறும் ஆடவர் இவற்றை மனைவியிடத்தும் மருத்துவரிடத்தும் கூற நாணுகின்றனர். நாணத்தால் மறைக்கப்பட்ட குறை மறைவான கடையைத் தேடிச் செல்வது இயல்பு. சேலம், நாமக்கல் சமவெளியில் கூடும் சந்தைகளிலும் திருவிழாக்களிலும், கொல்லிமலைச் சித்தர் கண்ட மூலிகை என்றும், கஞ்சமலைக் கருநெல்லி என்றும் கூவி, இழந்த இளமையை மீட்டுத் தருவதாகச் சூரணமும் இலேகியமும் விற்போர் பலர். சித்தர் பெயரும் சிவபெருமான் திருப்பெயரும் அவ்வாணிகத்துக்கு முதலாக வைக்கப்படுகின்றன. அப்பெயர்களுக்குரிய மரபு உண்மையில் யாது கூறிற்று என்பதை ஆராய்தல் சைவர்க்கு வேண்டற்பாலதேயாம்.

சேலம் நகர்க்குத் தென்மேற்கே சமவெளியில் தனித்தெழுந்து நிற்பது கஞ்சமலை. இரும்புத்தாது மிக்க மலையாதலின் உலகியலாரும் இதனை நன்கறிவர். 1830 ஐ ஒட்டிப் பறங்கிப்பேட்டையில் ஹீத் என்னும் ஆங்கிலர் நிறுவிய இரும்பாலை சேலத்து இரும்புக்கல்லை நம்பியே எழுந்தது. பிற்காலத்தில் சேலம் உருக்காலை இப்பகுதியில் அமைந்தமைக்கும் இம்மலையின் தாதுவே முதற்காரணம். மலையடிவாரத்தில் சித்தேசுவரர் திருக்கோயில் உள்ளது. அமாவாசைதோறும் மக்கள் திரண்டு, ஆண்டுள்ள ஊற்றுக் கிணறுகளில் நீராடி, தோல்நோய் நீங்கும்பொருட்டு உப்பும் மிளகும் இட்டு வழிபடுகின்றனர்.

இத்தலத்தில் வழங்கும் வரலாறு இது. மூலர் என்னும் சித்தரும் முதுமையெய்திய அவர் மாணாக்கரும் மூலிகை நாடி இம்மலைக்கு வந்தனர். மாணாக்கர் குருவுக்குச் சோறு சமைக்கும்போது அகப்பை இன்மையின் அருகே கிடைத்த ஒரு செடியின் குச்சியால் துழாவினார். சோறு கருநிறமாயிற்று. தீங்கு நேர்ந்ததென அஞ்சிய அவர் கருகிய சோற்றைக் குருவுக்கு இடாமல் தாமே உண்டு, வேறு சோறு சமைத்து வைத்தார். மீண்டு வந்த குரு தம் மாணாக்கர் இளைஞராய் நிற்கக் கண்டு, நிகழ்ந்தது வினவியறிந்து, உண்டதைக் கக்குவித்துத் தாமும் உண்டு இளமை எய்தினார் என்பர். அம்மாணாக்கரே காலாங்கிநாதர் என்றும், அருகிலுள்ள இளம்பிள்ளை என்னும் ஊர்ப்பெயர் இதனால் வந்ததென்றும் கூறுப. துழாவிய குச்சி அச்சத்தால் அடுப்பில் இடப்பட்டுச் சாம்பராயிற்று எனக் கூறுவாரும் உளர்.

இவ்வரலாற்றை மதிக்கும்போது ஒன்றை மறத்தலாகாது. திருமூல நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைத்துள்ளார். கயிலையினின்று அகத்திய முனிவரைக் காணும் விருப்பொடு புறப்பட்ட சிவயோகியார், காவிரிக்கரைச் சாத்தனூரில் இறந்துபட்ட மூலன் என்னும் ஆயனது உடம்பிற் புகுந்து, திருவாவடுதுறையில் அரசமரத்தின்கீழ் யோகத்து அமர்ந்து, மூவாயிரம் ஆண்டு எழுந்தருளியிருந்து திருமந்திரமாலை அருளினார் என்பதே பெரியபுராணம். அதில் கஞ்சமலை இல்லை. இளமை தரும் குச்சியும் இல்லை. நாயனார் தமக்கென வாய்த்த உடம்பை இளமையாக்கிக் கொண்டார் என்னாது, பசுக்களின் துயர்கண்டு பிறனொருவன் உடம்பை ஏற்றார் என்பது அங்கே கூறப்படும் பொருள். தலவரலாறு வேறு, புராண வரலாறு வேறு. இரண்டையும் கலத்தல் வரலாற்று நெறியன்று.

ஆயினும் தலவரலாற்றைப் பொய்யென்று ஒதுக்குதலும் வேண்டா. அக்கதையில் இளமை முதற்கண் வாய்த்தது எவர்க்கு? அதனைத் தேடி விழைந்து உண்டவர்க்கன்று. குருவுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சி, கெட்டதெனக் கருதிய சோற்றைத் தாம் உண்டவர்க்கு. மருந்தும் பின்னர்க் கைவிட்டுப் போயிற்று. அக்குச்சி இன்னதென்று அறிந்தோமென்று அதனைப் பொட்டலங்கட்டி விற்பவர் அக்கதையை முழுதும் கேளாதவரே போலும்.

கஞ்சமலைக்கு வடக்கே பழந்தகடூர். இஃது இன்று தருமபுரி எனப்படும்; 1965 வரை சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்தது. இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி பெறற்கரிய நெல்லிக்கனி ஒன்றைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்த செய்தி தமிழர் அனைவரும் அறிந்தது. இது பிற்காலத்துக் கட்டுக்கதையன்று. புறநானூற்றின் 91 ஆம் பாட்டில் ஔவையாரே இதனைக் கூறுகின்றார், சிறுபாணாற்றுப்படையும் கூறுகின்றது. பரிமேலழகரும் திருக்குறளில் இனிய கனியென்றதற்கு ஔவை உண்ட நெல்லிக்கனியையே எடுத்துக்காட்டுவார். அஞ்சியின் பெயர் பொறித்த பழந்தமிழ்க் கல்வெட்டுத் திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981 ஆம் ஆண்டு கண்டறியப்பட்டமையின் அவன் வரலாற்று மன்னன் என்பதும் உறுதியாயிற்று. அதியர் மரபு நெடுநாள் நின்றது; நாமக்கல் குடைவரை ஒன்றில் எட்டாம் நூற்றாண்டு அதியமன்னன் குணசீலனது கல்வெட்டு உள்ளது.

அப்புறப்பாட்டில் மலை இன்னதென்று பெயர் சுட்டப்படவில்லை. ஆகவே கொல்லிமலையாரும் கஞ்சமலையாரும் அந்நெல்லியைத் தத்தம் மலைக்கு உரிமை பாராட்டுவதில் வியப்பில்லை. சைவர் கருதவேண்டியது வேறு. கனியின் பயனை வெளியிடாது தன்னுள் அடக்கிக்கொண்டு, சாவு நீங்குமாறு பிறர்க்கு ஈந்தவனை ஔவையார் வாழ்த்தும்போது, நீலமணி மிடற்றையுடைய இறைவனைப்போல நிலைபெறுக என்கின்றார். அமிழ்தைத் தேவர்க்கு விடுத்து நஞ்சைத் தான் கொண்டவன் திருநீலகண்டன். ஆயுளை வளர்க்கும் மருந்தைப் பிறர்க்கு ஈந்து, தனக்குச் சாவை வைத்துக்கொண்டவனுக்கு இதனினும் பொருந்திய உவமை ஏது? தமிழ்நாட்டில் காயகற்பத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்திகளுள் ஒன்று, அதனை உண்ட அரசனைப் பற்றியதாய் இராமல், உண்ணாது கொடுத்த அரசனைப் பற்றியதாய் இருக்கின்றது.

இனி, நெல்லி முதலியவற்றைக் கற்பமாகக் கொள்ளும் மருத்துவ நூல்வழக்கைக் காண்போர் அது வடநூலார்க்கும் தமிழ்ச் சித்தர்க்கும் பொதுவாதலை அறிவர். சரக சங்கிதையின் சிகிச்சைப் பகுதி இரசாயனம் என்னும் மூப்பொழிக்கும் முறையோடு தொடங்குகின்றது. கிழப்பருவமெய்திய சியவன முனிவர் இளமை பெற்றமைக்குக் காரணமாகக் கூறப்படும் சியவனப்பிராசம் அவ்விடத்துள்ளது; அதன் தலைமைச் சரக்கு நெல்லிக்கனியே. போகவின்பத்துக்குரிய வாசீகரணம் அதன்பின் தனியே வைக்கப்பட்டது. மூப்புக்கு மருந்தும் போகத்துக்கு மருந்தும் ஒன்றல்ல என்பது இவ்வைப்பு முறையால் விளங்கும். மேலும், மெய் பேசல், சினங்காத்தல், கள்ளும் காமமும் ஒழிதல், பெரியோரைப் பேணல் முதலிய ஒழுக்கங்களே இரசாயனமாம் என்று அந்நூல் ஓரிடத்தில் கூறுதலும் நினைக்கத்தக்கது.

தமிழ் மருத்துவத்தில் உடற்கட்டு ஏழு. உண்ட உணவின் சாரம் செந்நீராய், ஊனாய், கொழுப்பாய், என்பாய், மூளையாய், ஈற்றில் சுக்கிலமாய் முதிர்கின்றது என்பது அதன் கொள்கை. வாழ்நாள் நூறாண்டை மூன்றாகப் பகுத்து, முதற்கூறு வாதத்துக்கும் இடைக்கூறு அழலுக்கும் கடைக்கூறு ஐயத்துக்கும் உரியதென்பர். வடநூலார் இதனைத் தலைகீழாகக் கொள்வர். இக்கணக்கின்படி ஆடவர் தளர்ச்சியை உணரத் தொடங்கும் நாற்பதும் ஐம்பதும் அழற்காலத்தின் நடுவில் நிற்கின்றன. எனவே தேர்ந்த சித்த மருத்துவர் தளர்ந்து வந்தவனுக்கு எடுத்தவுடன் சூடு தரும் மருந்தை ஈயார். செரிமானம், மலம், உறக்கம், நாடி ஆகியவற்றை ஆராய்ந்து, வேண்டுமாயின் பேதிக்குக் கொடுத்து உடலைத் தூய்மை செய்து, அதன்பின்னரே தேற்றும் மருந்தைத் தொடங்குவர்.

அம்மருந்துகளுள் தலையாயது அமுக்கரா. அதன் கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்து உலர்த்தித் தூய்மை செய்தல் மரபு. அமுக்கராச் சூரணத்தின் அளவு முறை மிக அழகியது: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சருக்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதனின் இரட்டிப்பாய் வருதலின் மனத்தில் எளிதிற் பதியும். ஆனால் கூட்டிப் பார்ப்பவர்க்கு ஒன்று புலனாகும். மொத்தம் 255 பங்கில் 128 பங்கு சருக்கரை, அஃதாவது பாதிக்குச் சற்று மேல். நீரிழிவு மலிந்த இக்காலத்தில், தன் தளர்ச்சிக்கு நீரிழிவே காரணம் என்றறியாத ஒருவர் இதனைக் கடையிற் பெற்று நாள்தோறும் பாலிற் கலந்துண்பாராயின், மருந்தென்று எண்ணி நோயை ஊட்டுபவராகின்றார். குற்றம் நூலினதன்று, மருத்துவரின்றி மருந்தைக் கொண்டவரது.

நிலப்பனைக் கிழங்கு, தண்ணீர்விட்டான் கிழங்கு, பூனைக்காலி விதை, நெருஞ்சில், ஓரிதழ்த்தாமரை, முருங்கைப்பூ என்பனவும் இவ்வகையிற் கூறப்படுவன. இவற்றுள் நெருஞ்சிலும் ஓரிதழ்த்தாமரையும் சேலம், நாமக்கல் புன்செய் நிலங்களில் மழைக்குப்பின் தாமே முளைப்பன. உழவர் களையென்று பறித்தெறிபவை. நெருஞ்சில் நீரடைப்பை நீக்குமென்று மருத்துவ நூல்கள் கூறும். வயது முதிர்ந்த ஆடவர்க்கு நீர்த்தாரைக் குறைகள் மிகுதியாதலின் அவர்க்கு அது கொடுக்கப்பட்டதில் பொருளுண்டு. ஆனால் அதுவே ஆண்மையை மீட்குமென்று இந்நாளில் மேனாட்டுக் கடைகளிலும் விற்கப்படுகின்றது. மக்களிடம் செய்த ஆய்வுகளுட் பெரும்பாலானவற்றில் அஃது ஆண்மைச் சுரப்பை உயர்த்தவில்லை. பூனைக்காலி விதையில் இலெவோடோப்பா என்னும் பொருள் இயற்கையாகவே உள்ளது. நடுக்குவாதத்துக்கு மேனாட்டு மருத்துவர் தரும் மருந்தும் அதுவே. எனவே அவ்விதை வெறும் உணவன்று. பிற மருந்துண்போர் அறியாது அதனைச் சேர்த்தல் தீது. கொல்லிமலைக்குச் செல்வார் பலர் வாங்கிவரும் முடவாட்டுக்கால் கிழங்கோ, மரத்திலும் பாறையிலும் பற்றி வளரும் ஒருவகைப் பெரணியின் தண்டு. அதனைச் சாறு வைத்து உண்டால் மூட்டுவலி தணியுமென்று சமவெளி முதியோர் நம்புகின்றனர். அளவின்றி அகழ்ந்தெடுத்தல் தொடருமாயின் மலைக்கு இழப்பேயாம். மேட்டூர் அணையை அடுத்து நடுவணரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தும் மூலிகைத் தோட்டம் இத்தகையவற்றை வளர்த்துக் காப்பது பாராட்டற்குரியது.

கற்பம் உண்ணுதற்குரிய பத்தியமே ஈண்டு முதன்மையானது. ஒரு மண்டலம் உண்போர் புளியும் புலாலும் புகையும் மதுவும் நீக்கி, உப்பைக் குறைத்து, மகளிர் கூட்டத்தையும் விலக்கி இருத்தல் வேண்டும் என்பது மரபு. எதனைப் பெறும்பொருட்டு இக்காலத்தார் அம்மருந்தை வாங்குகின்றனரோ, அதனையே நீக்கியிருத்தல் மருந்தின் பகுதியாக இருந்தது. பத்தியத்தை ஒழித்துச் சூரணத்தை மட்டும் விற்றல், திருக்கோயிலை இடித்துவிட்டு அதன் வாயிற்கதவை விற்பது போலும்.

மேனாட்டாரும் இம்மயக்கத்துக்கு விலக்கல்லர். 1889 இல் பாரிசு நகரில் பிரௌன் செக்கார் என்னும் பெயர்பெற்ற உடலியல் அறிஞர், தம் 72 ஆம் அகவையில், நாய் முதலியவற்றின் விதைச்சாற்றைத் தம் உடலில் ஊசிவழி ஏற்றிக்கொண்டு, வலிமை மீண்டது என்று அறிஞர் அவையில் உரைத்தார். அச்சாறு எங்கும் விலையாயிற்று. அவர் ஐந்தாண்டுக்குள் இறந்தார். அச்சாற்றில் இருந்த சுரப்பு பயன்தரும் அளவினது அன்று என்பதும், அவர் உணர்ந்த வலிமை நம்பிக்கையின் விளைவே என்பதும் பின்னர்த் தெளிந்தன. 1920 இல் வொரோனாப் என்பார் குரங்கின் விதையை மக்களுக்கு ஒட்டவைக்கத் தொடங்கினார். செல்வர் பலர் அவரை நாடிச் சென்றனர். அதுவும் பயனற்றதாய் மறைந்தது. 1935 இல் ஆம்சுடர்டாம் நகரில் இலாக்கூர் குழுவினர் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பைப் பிரித்தெடுத்தனர்; அவ்வாண்டிலேயே பூத்தனாந்து, உருசிக்கா என்னும் இருவர் அதனைச் செயற்கையிலும் ஆக்கினர்.

நம் நாட்டிலோ 1938 இல் பண்டித மதனமோகன மாளவியர் தம் 76 ஆம் அகவையில் தபசி பாபா என்னும் துறவியார் கூறியவாறு இருட்குடிலில் அடைபட்டிருந்து, நெல்லியை முதலாகக் கொண்ட காயகற்பம் செய்துகொண்டார். நாளிதழ்கள் அதனைப் பெரிதும் பேசின. உடல் சிறிது தேறியது என்றனர். இளமை மீளவில்லை. எனினும் காசிப் பல்கலைக்கழகத்தைக் கண்ட அப்பெரியார் மேலும் எட்டாண்டு வாழ்ந்து 1946 நவம்பரில் மறைந்தார். அவர் வாழ்நாள் முழுதும் காத்த உணவொழுக்கத்தையும் வழிபாட்டையும் கணக்கில் வையாது, நாற்பது நாள் மருந்தையே அளந்து பேசியது நாளிதழ்களின் குறை.

ஆடவர் உடலில் அச்சுரப்பு முப்பது நாற்பது அகவைக்குமேல் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகின்றது என்பது இன்றைய துணிபு. ஆனால் குறைவு வேறு, நோய் வேறு. ஐரோப்பாவில் எட்டு இடங்களில் 40 முதல் 79 அகவை வரையுள்ள 3,369 ஆடவரை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட முடிவில், முதுமையால் வந்த சுரப்புக்குறை நோயென்று துணியத்தக்கார் நூற்றுக்கு இருவர் அளவினரே. எஞ்சியோர் தளர்ச்சிக்கு உடற்பருமன், நீரிழிவு, உறக்கக் கேடு, மது, மனத்துயர், இருதய நோய் என்பனவே பெரும்பாலும் காரணமாகின்றன. பருமனைக் குறைத்து, நாளும் உடலை உழைப்பிற்செலுத்தி, இரவில் உறங்கினால் சுரப்பும் ஓரளவு உயர்கின்றது. இது சித்தர் பத்தியத்துக்கு நெருங்கிய கூற்று என்பதைக் காணலாம். அமுக்கராவைப் பற்றிய சில சிற்றாய்வுகள் உறக்கத்திலும் மனவமைதியிலும் நன்மையும், சுரப்பில் சிறிது ஏற்றமும் கண்டன. அதே அமுக்கராவை உண்டோரிற் சிலர்க்குக் கல்லீரல் ஊறுபட்டதும் பதிவாகியுள்ளது. டென்மார்க்கு நாடு 2023 இல் உணவுப்பொருளில் அதனைச் சேர்த்தலைத் தடுத்தது. மூலிகையாதலின் தீங்கில்லை என்பது சித்தர் மொழியன்று. அவர்களே நஞ்சுமுறிவும் சரக்குத் தூய்மையும் விரித்து எழுதினர்.

இவற்றினும் கொடியது கலப்படம். வெறும் மூலிகையென்று விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளில் 1998 முதல் வழக்கிற்கு வந்த சில்டெனாபில் என்னும் ஆங்கில மருந்து மறைவாகக் கலக்கப்பட்டிருத்தல் பல நாடுகளிற் கண்டறியப்பட்டது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட்டு மருந்துண்ணும் முதியவர் அதனை அறியாது உண்டால் குருதியழுத்தம் திடீரென வீழ்ந்து உயிர்போகவும் கூடும். போக ஆற்றலை வளர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954 ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டம் தடைசெய்துள்ளது. எழுபதாண்டு கடந்தும் சுவர்களும் பேருந்து நிலையங்களும் அவ்விளம்பரங்களைத் தாங்கியே நிற்கின்றன.

இனி சாத்திரம் கூறுவதைக் காண்போம். திருமந்திரத்தின் முதற்றந்திரத்தில் இளமை நிலையாமை என்னும் பகுதி உள்ளது. மூன்றாந் தந்திரத்தில் காயசித்தி உபாயம் என்னும் பகுதி உள்ளது. ஒரே நூலில் ஒன்று இளமையை நம்பற்க என்றும், மற்றொன்று உடம்பை வளர்த்து உயிரை வளர்க்க என்றும் கூறுதல் முரணன்றோ எனின், அன்று. உடம்பு நிற்பது எதற்காக என்பதைக் கொண்டு இரண்டும் பொருந்தும். மெய்ஞ்ஞானம் சேர்தற்குக் கருவியாதலால் உடம்பைக் காக்க என்பதே நாயனார் கருத்து. அன்றியும் அக்காயசித்திப் பகுதி நரைதிரை போக்கும் வழியாக எடுத்துரைப்பது கடைச்சரக்கை அன்று. காலையிலும் நண்பகலிலும் அந்தியிலும் செய்யும் யோகப்பயிற்சி முறையே பித்தத்தையும் வாதத்தையும் ஐயத்தையும் அறுக்கும் என்கின்றது.

உடம்பு அழியாது நிற்றலே முத்தி என்பாரும் ஒருகால் இருந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதிசிவனார் சிவப்பிரகாசத்தில் பிறர் கூறும் முத்திகளை எண்ணிப் பழித்தவிடத்து, விக்கிரக நித்த முத்தியையும் சித்தி முத்தியையும் அவற்றுள் வைத்தார். மும்மலமும் நீங்கி உயிர் திருவருளைச் சேர்தலே முத்தி என்று நிறுவினார். நூறாண்டன்று, ஆயிரமாண்டு இளமையோடு இருப்பினும் ஆணவமலம் நீங்காதாயின் அஃது இளைய பெத்தமேயன்றி வேறன்று. கஞ்சமலைக் குச்சி கிடைத்தாலும் சைவசித்தாந்தி அதன்முன் வீழ்ந்து வணங்கான்.

அற்றேல், மூப்பும் பிணியும் கருவிலேயே அமைந்தன என்று சிவஞான சித்தியார் கூறுதலின் மருந்துண்டலே வீண் என்பாரும் உளர். முதியோர் பலர் இவ்வாறு கூறித் தம் நோயை மறைத்து வருந்துகின்றனர், வீட்டாரையும் வருத்துகின்றனர். இது சாத்திரத்தை ஒருபுடை கண்டு உரைப்பது. அருணந்தி சிவாசாரியாரே அந்நூலின் அவ்விரண்டாஞ் சூத்திரத்தில், மருத்துவன் சில நோயை அறுத்துக் கீறியும் சில நோயை மருந்தும் பாலும் ஊட்டியும் தீர்த்தல்போல, இறைவன் துன்பமும் இன்பமும் ஊட்டி வினையை அறுக்கின்றான் என்று உவமை கூறுகின்றார். மருத்துவம் வீணாயின் அவ்வுவமை நில்லாது. பிராரத்தம் நுகர்ச்சியால் கழிவது. மருந்தும் மருத்துவனைத் தேடும் எண்ணமும் அந்நுகர்ச்சிக்குள் அடங்கியவையே. தக்க மருத்துவனிடம் சென்று உண்மையைக் கூறுதல் திருவருளுக்கு மாறாகாது.

இதற்குக் கொங்குநாட்டிலேயே சான்றுண்டு. கொங்கேழ் தலங்களுள் ஒன்றான திருச்செங்கோடு, தேவாரத்தில் கொடிமாடச்செங்குன்றூர் எனப்படும். ஆளுடைய பிள்ளையார் அங்கு எழுந்தருளியிருந்தபோது பனிக்காலம் வந்து, அடியவர் பலரைக் குளிர்சுரம் பற்றியது. அஃது அந்நிலத்தின் இயல்பு என்று உடனிருந்தோர் விண்ணப்பித்தனர். இயல்பாயினும் அடியாரை அணுகலாகாது என்று பிள்ளையார் திருநீலகண்டத்தின்மேல் ஆணைவைத்துப் பதிகம் அருளினார். சுரம் அந்நாட்டைவிட்டே அகன்றது. நோயை நிலத்தின் இயல்பென்றும் உடம்பின் இயல்பென்றும் கூறிக் கைகட்டி நிற்றலை அவர் ஏற்கவில்லை என்பது கருதத்தக்கது. அம்மலைமேல் எழுந்தருளிய மாதொருபாகர் திருவுருவைச் சித்தர்கள் வெண்பாடாணங் கூட்டி அமைத்தனர் என்பது ஆண்டு வழங்கும் மரபு. ஆணின் உடலிலும் பெண்மைச் சுரப்பு உண்டென்று இன்றைய உடலியலார் கூறுதலைக் கேட்டு, அதுவே இத்திருவுருவின் பொருள் என்பார் சிலர். அம்மையப்பரை அவ்வளவில் நிறுத்துதல் சிறுமையேயாம்.

திருநீலகண்டத்தின்மேல் வைத்த ஆணை என்றவுடன் சைவர் நினைவுக்கு வருபவர் தில்லைக் குயவனார். அவர் வரலாறே முதுமையும் இளமையும் பற்றியது. பரத்தைபாற் சென்ற கணவரை, எம்மைத் தீண்டாதீர் என்று மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். எம்மை என்று பன்மையாற் கூறியமையின் அவர் எப்பெண்ணையும் மனத்தாலும் தீண்டாராயினார். இருவரும் ஒரே இல்லத்தில், அயலார் அறியாதவாறு, இளமை கழிந்து மூப்பெய்துமளவும் அவ்வாணையைக் காத்தனர். இறைவன் சிவயோகியாராய் வந்து திருவோடு கொடுத்து, அதனை மறைத்து, மனைவி கைப்பற்றி நீரில் மூழ்கிச் சத்தியம் செய்க என்று வழக்கிட்டான். கையைப் பற்றவொண்ணாமையின், இருவரும் மூங்கிற்றண்டின் இருமுனையைப் பற்றிக்கொண்டு திருப்புலீச்சரத்தின் முன்னுள்ள குளத்தில் இறங்கினர். கைப்பற்றி மூழ்குக என்று அவர் மீட்டும் வற்புறுத்தப்பட்டபோது, அதுகாறும் மறைத்திருந்ததை அங்குக் கூடினார் அனைவரும் கேட்க எடுத்துரைத்தார் நாயனார். உரைத்தபின்னரே மூழ்கினார். எழும்போது இருவரும் இளையராய் எழுந்தனர். தில்லையில் இளமையாக்கினார் திருக்கோயிலும் அதன்முன் அத்திருக்குளமும் இன்றும் உள.